திருப்பி அனுப்பிய கடிதங்களும் நான் எழுதிய ஒரு கடிதமும்

எங்கள் சங்கத்தின் செயற்குழு ஒரு பழைய விதியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறது. அரச அலுவலகங்களிலிருந்து சிங்களத்தில் மட்டும் வருகின்ற கடிதங்களைத் "தமிழில் தாருங்கள்" என்று எழுதித் திருப்பி அனுப்புகிற விதி அது. இப்போது போனைக் கடிதத்துக்கு மேலே பிடித்தால் தமிழ் வந்துவிடுகிறது. பிறகு எதற்குத் தபால் கந்தோரில் வரிசையில் நிற்பது என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வியில் பிழை இல்லை. "ராத்தா, நீங்கதான் கனகாலம் இருந்தவங்க. சங்க மலருக்கு ஒண்டு எழுதித் தாங்க, குழுவும் வாசிக்கட்டும்" என்று தலைவர் வந்து சொன்னார். ஓய்வு பெற்றவளைச் சும்மா இருக்க விட்டால் ஊருக்கு ஆகாது என்று நினைத்தாரோ என்னவோ.

விதியைப் பற்றி வாதாட எனக்குத் தெரியாது. அந்த வேலையில் என்னை மலைக்க வைத்த மனிதர்களைப் பற்றித்தான் எழுத முடியும். குழு வாசித்துவிட்டு விரும்பியதைச் செய்யட்டும்.

நான் நிந்தவூர்க்காரி. ஆனால் பத்தாம் வகுப்பு வரை படித்தது தென்பகுதியில், சிங்களத்தில். வாப்பாவுக்கு அங்கே ஒரு புடவைக் கடை இருந்தது. கலியாணம் ஊருக்குள் முடிந்ததால் திரும்பி வந்தேன். என் சிங்கள எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பரிசு தந்திருக்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

யுத்தம் முடிந்த பிறகு கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில், இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துச் சங்கம் தொடங்கினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்த சங்கம். கல்முனையில் இந்த இரண்டு பகுதியாரும் எதற்கெல்லாம் முறைத்துக்கொள்வார்கள் என்பது ஊரறிந்தது. ஆனால் விளங்காத கடிதம் வந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரித்தான் அடுப்பு அணைந்துபோகும். சட்டத்தில் தமிழும் அரச கருமமொழிதான். சட்டம் எழுதப்பட்ட தாளுக்கும் எங்கள் ஊர்த் தபால்காரன் கொண்டு வரும் தாளுக்கும் இடையிலே தூரம் கிடந்தது. அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் எங்கள் தொழில்.

செயலாளர் ஜெமீல் சேர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை நீளக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கடிதம் எதுவானாலும் எழுந்து நின்றுதான் வாசிப்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "இதுல ஒரு ஆள்ர சீவியம் இருக்கு மிஸ். படுத்துக்கிட்டு வாசிக்க இது பேப்பரா?" என்றார். எல்லோரையும் மிஸ், சேர் என்றுதான் அழைப்பார். சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவர் குரலைத் தாழ்த்தினால்தான் நாங்கள் பயப்படுவோம்.

முதல் நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "நீங்க சிங்களம் நல்லாப் படிச்ச ஆள். அதுக்காகத்தான் ஒங்கள எடுத்த. ஆனா இந்தக் கதவுக்கு உள்ளுக்க வந்தா ஒங்களுக்குச் சிங்களம் தெரியா. விளங்கிச்சா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வேலை இப்படி நடக்கும். ஆள் கடிதத்தோடு வருவார். உறையையும் கடிதத்தையும் போட்டோ கொப்பி எடுத்து, இலக்கமிட்டு, திகதி முத்திரை குத்துவோம். பிறகு அவருடைய பெயரில் மூன்று வரியில் ஒரு தமிழ்க் கடிதம்: இக்கடிதம் எனக்கு விளங்காத மொழியில் உள்ளது, தமிழில் பெறுவது எனது உரிமை, மூலத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவர் அதில் கையெழுத்து வைப்பார், தெரியாதவர் பெருவிரல் வைப்பார். மூலக் கடிதமும் அந்த மூன்று வரியும் பதிவுத் தபாலில் போகும். தபால் துண்டு கொப்பியோடு குத்தப்பட்டு அலுமாரிக்குள் போகும். கால எல்லை எதுவும் தமிழ்க் கடிதம் வந்த நாளிலிருந்துதான் ஓடவேண்டும் என்பது எங்கள் வாதம். அதற்குச் சாட்சி அந்தத் தபால் துண்டு.

வருகிறவருக்கோ நெஞ்சு படபடக்கும். என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்பார். சொல்லாமல் அனுப்ப மனம் வருமா? அதற்கும் சேரிடம் ஒரு சட்டம் இருந்தது. "வாயால சொல்லுங்க மிஸ். பேனையால சொல்லாதீங்க." சாரத்தை நாங்கள் சொல்லலாம். ஆனால் சிங்களத்தில் ஒரு எழுத்தும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருடமும் இதை வீம்பு என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் நான் எழுதி முடிக்கிற பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதா என்று வீட்டில் புறுபுறுப்பேன்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஜேர்மன் பேசுகிறவர், ஆனால் ஜேர்மனிக்காரர் இல்லை. இத்தாலி நாட்டின் வடக்கு மலைகளில் ஜேர்மன் பேசும் மக்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஜேர்மன் என்றால் பெரிய கார் செய்கிறவர்களின் மொழி, அதற்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். முதலாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அவர்களுடைய மலை இத்தாலிக்குப் போனதாம். பள்ளிக்கூடங்களில் ஜேர்மன் நின்றுபோனதாம். பிள்ளைகளுக்கு வீடுகளில் ஒளித்து வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்களாம். இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகுதான் உரிமை கேட்டு அமைப்பாக நின்றிருக்கிறார்கள். அப்படி ஒரு சங்கத்தில் இளமை முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். சேரும் அவரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். எனக்கு விளங்காத இடங்களைச் சேர் சொன்னார்.

"கல்லறையில்கூட எங்கள் மொழியில் எழுத விடவில்லை" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது எனக்கு என்னவோ செய்தது. சேர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார், எங்கள் கல்லறைகளில் நடுகிற மீஸான் கட்டையில் நாங்கள் பெயரே எழுதுவதில்லை, ஆகவே எழுத்தின் தொல்லை எங்களுக்கு உயிரோடு இருக்கும்வரைதான் என்று. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன்னுடைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். இத்தாலி மொழியும் ஜேர்மன் மொழியும் ஒரே அட்டையில் இருந்தன. அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் அட்டைக்காக மனிதர்கள் எத்தனை காலம் பொறுத்திருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குக் கண் கலங்கியது.

அலுமாரியைத் திறந்து தபால் துண்டுகளைச் சேர் காட்டினார். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்களிடமும் இப்படித் தாள்கள் குவிந்து கிடந்தன என்றார். பிறகு என்னைக் காட்டி, இவருக்கு அவர்களுடைய மொழி நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். மிக நன்றாக, என்றார் சேர். "அப்படியானால் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். எங்களிலும் தெரிந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்" என்றார் அவர். அதைச் சேர் மொழிபெயர்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை.

இனிப் பூரணம் அக்காவின் விடயம். வயல் தப்பியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படித் தப்பியது என்பதுதான் எனக்கு இன்றும் மலைப்பு.

அவர் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்தவர். கணவர் யுத்த காலத்தில் ஒரு நாள் வெளியே போனவர், திரும்பவில்லை. தாய்வழியாக வந்த இரண்டு ஏக்கர் வயலைத் தானே பார்த்து மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். அது போனால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பஸ் மாறி, குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு, வியர்வையோடு மாடி ஏறி வந்தார். சேர் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்த வாரம் அது.

"தங்கச்சி, இதில என்ன எழுதிக் கிடக்கு? காணி எடுக்கப் போறாங்களாம் எண்டு ஊருக்குள்ள கதைக்காங்க."

ஒரு காணி அலுவலகத்துக் கடிதம். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் கண்டால் இப்போதும் சுகம் விசாரிப்பார்கள். சாரத்தைச் சொன்னேன்: "ஒங்கட வயல் அரசாங்க ஒதுக்கு நிலத்துக்குள்ள வருதாம் அக்கா. ஆட்சேபம் இருந்தா எழுதட்டாம்." கடிதம் யாரோ வீட்டில் கிடந்து பிந்தி வந்திருந்தது. எழுத மூன்று நாள்தான் மிச்சம்.

அவர் அழவில்லை. குடைக் கம்பியைப் பிடித்தபடி கதிரையின் நுனியில் இருந்தார். "அப்ப என்ன செய்ற? எழுதித் தாங்க தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சவங்க எண்டு நீங்கதான் இருக்கீங்க."

விதிப்படி கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த மூன்று நாளையும் அந்த முகத்தையும் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன், கை துறுதுறுத்தது. கோடு போட்ட தாள் எடுத்து, என் பரிசு வாங்கிய கையெழுத்தில், சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அக்கா கீழே தமிழில் கையெழுத்து வைத்தார். அன்று அஸர் தொழுதுவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

ஆட்சேபத்தை ஏற்க முடியாது, நிலத்தை ஒப்படைக்கவும் என்று பதில் வந்தது. சேர் திரும்பி வந்து, முதல் கடிதமே தமிழில் தரப்படவில்லையே என்று எழுதினார். ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த ஆட்சேபம் என்று அவர் நினைத்திருக்க, நான் செய்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் அனுப்பிய மறுமொழியில் என் கடிதத்தின் கொப்பி இணைக்கப்பட்டிருந்தது. இவருக்குச் சிங்களம் விளங்கும், இதோ சிங்களத்திலேயே பதில் தந்திருக்கிறார் என்று இருந்தது. அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. கடிதம் விளங்கவில்லை என்று சொல்ல அக்காவுக்கு இருந்த ஒரேயொரு வழியை என் கையாலேயே மண் போட்டு மூடியிருந்தேன்.

சேர் நின்றபடி அந்தக் கொப்பியை இரண்டு தரம் வாசித்தார். எழுத்தைக் கண்டதுமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எழுத்து நல்ல வடிவா இருக்கு மிஸ்" என்றார், தாழ்ந்த குரலில்.

ஏசியிருந்தால் அழுதிருப்பேன். அவர் அதற்கும் இடம் விடவில்லை. கொப்பியை மடித்து வைத்துவிட்டு, "விசாரண கேப்பம். அங்க எழும்பி, நான்தான் எழுதின எண்டு சொல்ல ஏலுமா?" என்று கேட்டார்.

"சொல்லுவன் சேர். ஆனா மத்த பைல் எல்லாம் என்ன ஆகும்? சிங்களம் எழுதுற ஆள வெச்சிக்கிட்டு ஏன் கடிதத்தத் திருப்பி அனுப்புறீங்க எண்டு கேப்பாங்களே."

"கேப்பாங்க. அத நான் பாத்துக்கிறன். அக்காட வயல விட எங்கட அலுமாரி பெரிசில்ல."

விசாரணைக்கு அம்பாறைக்குப் போனோம். மாவடிப்பள்ளியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வயல் கதிர் தள்ளி நின்றது. பூரணம் அக்கா ஜன்னலால் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். மொழிபெயர்ப்பாளர் லீவு. அதிகாரி சேரைப் பார்த்துச் சிங்களத்தில், "மாத்தயா, இந்த மாவட்டத்தில் உங்களை விடச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் யார்? நீங்களே செய்யலாமே" என்று சிரித்தார். சேரும் சிரித்தார். பதிலைத் தமிழில் சொன்னார்: "இண்டைக்கு நான் அக்காட பக்கத்து ஆள், ஐயா. ஒரு ஆள் ரெண்டு பக்கமும் இருக்க ஏலாது. நாங்க காத்திருக்கம்." காலை ஒன்பதிலிருந்து பகல் இரண்டு மணி வரை மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். சேர் முதுகைச் சாய்க்கவே இல்லை. கடைசியில் வேறு பிரிவிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டி வந்தார்கள்.

என் கடிதத்தை அக்காவிடம் காட்டி, இதிலுள்ள கையெழுத்து யாருடையது என்று அதிகாரி கேட்டார். தம்பி மொழிபெயர்த்தார்.

"என்டதான் ஐயா."

"எழுதியது யார்?"

அக்கா என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "அத நான் சொல்ல மாட்டன். எனக்கு உதவி செஞ்ச ஆள மாட்டி விட எனக்கு ஏலாது."

"அப்படியானால் நீங்களே எழுதியதாகத்தான் பதிய வேண்டி வரும்."

"அப்படியே எழுதுங்க ஐயா."

என்ன சொல்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸில் சேர் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். எனக்காகத் தன் வயலைத் தூக்கி அந்த மேசையில் வைத்துவிட்டார். எழுந்தேன். வாயில் முதலில் வந்தது சிங்களம்தான். ஒரு சொல் வெளியே வந்ததும் விழுங்கிக்கொண்டு தமிழில் சொன்னேன்: "ஐயா, அத எழுதினது நான். அக்காவுக்கு அதில ஒரு எழுத்தும் தெரியா."

தம்பி அதைச் சிங்களத்தில் சொன்னார். என் பேச்சு இன்னொருவர் வாயால் போய்ச் சேருவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த இடைவெளியில் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வருகிறவர்களெல்லாம் இப்படித்தான் நிற்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு, நேரே என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். "இவ்வளவு நல்ல சிங்களம் எழுதுகிறீர்கள். நான் கேட்பதும் உங்களுக்கு விளங்குகிறது. பிறகு ஏன் அவர் மூலமாகப் பேசுகிறீர்கள்?"

சேர் என் பக்கம் பார்க்கவில்லை. இதற்கு எந்தப் பதிலையும் அவர் சொல்லித் தந்திருக்கவில்லை.

"எனக்கு விளங்கும் ஐயா" என்றேன் தமிழில். "நான் சிங்களத்தில சொன்னா ஒங்களுக்கு விளங்கும், எனக்கு விளங்கும், இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் விளங்கும். காணிக்காரிக்கு மட்டும் விளங்காது. விசாரண அவங்கடதானே."

தம்பி மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார், விளங்கிவிட்டது என்பது போல. வழக்குக் கோவையைப் புரட்டினார். பிறகு, முதல் அறிவித்தலைத் தமிழில் மீண்டும் அனுப்ப வேண்டும், ஆட்சேபத்துக்கான நாட்கள் அதிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். சங்கத்தின் மற்றக் கோவைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் சேர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நாளைக்கு நேரத்தோட வாங்க மிஸ், கடிதம் கனக்கக் கிடக்கு."

ஒரு மாதத்துக்கு மேல் சென்று தமிழ்க் கடிதம் வந்தது. பூரணம் அக்கா அதை உறை பிரிக்காமலே கொண்டு வந்தார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "பொறுங்க தங்கச்சி, நான் பாப்பம்" என்று சொல்லி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டி, உரத்து வாசித்தார். சேர் தன் மேசையிலிருந்து எழுந்து நின்றார். காணியின் எல்லைகள் சொல்லும் இடம் வந்தது. வடக்கே இன்னது, கிழக்கே இன்னது. "தெற்கே வாய்க்கால்" என்று வாசித்ததும் விரல் நின்றுவிட்டது. திரும்பவும் வாசித்தார்.

"வாய்க்கால் தெற்கால எண்டா போட்டிருக்கு?"

"ஓம் அக்கா."

"என்ட வயலுக்கு வாய்க்கால் வடக்காலதானே போகுது."

அவரே தொடர்ந்தார். "இது என்ட வயலில்ல தங்கச்சி. வாய்க்காலுக்கு அங்கால கிடக்கிற பத்தைக் காடு. அத நாங்க ஒரு நாளும் செய்யல்ல. என்ட பேர மாறிப் போட்டிருக்காங்க."

நான் அலுமாரியைத் திறந்து சிங்களக் கடிதத்தின் கொப்பியை எடுத்தேன். அதே நான்கு எல்லைகள் அதிலும் தெளிவாக இருந்தன. உறையின் மேலுள்ள விலாசத்தை வாசிப்பது போல நான் அவற்றை வாசித்துக் கடந்திருந்தேன். எனக்குச் சிங்களம் தெரியும், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று தெரியாது. அதைத் தெரிந்தவரிடம் நான் கேட்கவும் இல்லை.

"அப்ப நீங்க எழுதின கடுதாசில என்ன சொல்லியிருந்தீங்க?" என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் கடிதத்தின் கொப்பியும் என் கையில்தான் இருந்தது. முதல் வரியை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "தங்கள் கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ள காணி, எனது தாயின் வழியாக எனக்குக் கிடைத்தது." வாய்க்காலுக்கு அப்பாலுள்ள காட்டை அக்காவின் வயல் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

பூரணம் அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"பேனையத் தாங்க தங்கச்சி" என்றார். "நான் எழுதுறன்."